பரங்கித் தோட்டத்தில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

அக்டோபர் நெருங்கும்போதெல்லாம், அமெரிக்காவில் வாழும் வாசகர்களிடமிருந்து இந்தப் பகுதிக்கு ஒரே பொருளைப் பற்றிப் பல கடிதங்கள் வருகின்றன. குடும்பத்தோடு பண்ணைக்குச் சென்று, வயலில் இறங்கி, தாமே பரங்கிக்காய் பறித்து வரும் வழக்கத்தைப் பற்றியவை அவை. இவ்விதழில் அவற்றுள் சிலவற்றுக்கு விடை தருகிறேன்.

கேள்வி: கடையில் மலிவாகக் கிடைக்கும் காயை வாங்க, எங்கள் அண்டை வீட்டார் ஒரு மணி நேரம் கார் ஓட்டிச் செல்கிறார்கள், நுழைவுக் கட்டணம் கொடுக்கிறார்கள், சேற்றில் நடக்கிறார்கள். இதில் அப்படி என்னதான் இருக்கிறது? இவ்வழக்கம் எப்படி இவ்வளவு பரவியது? (வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் கணக்கு சரியானதே. ஆயினும், இவ்வழக்கம் பரவியதற்கான காரணங்களைத் தேடினால், வாங்குபவரின் மனத்தையும் விற்பவரின் வயிற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பரங்கி அமெரிக்க மண்ணுக்கு மிகப் பழைய பயிர். மெக்சிகோவின் வஹாக்கா பகுதிக் குகை ஒன்றில் கிடைத்த விதைகளைக் கொண்டு, அங்குள்ள மக்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிரிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அவ்வளவு தொன்மையிருந்தும், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க உழவரிடம் இதற்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. மக்காச்சோளத்துக்கு இடையே ஊடுபயிராகப் போட்டு, விளைந்ததில் பெரும்பகுதியை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாக்கினார்கள். 1900இல் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பண்ணைகளில் வாழ்ந்தனர். இன்று அது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தாத்தா காலத்தில் கொல்லைப்புறத்தில் கிடந்த காயைப் பேரன் காலத்தில் தேடிப் போக வேண்டியதாயிற்று. தேடிப் போகும் அந்தப் பயணத்தையே குடும்பங்கள் விழாவாக்கிக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாலோவீன் என்னும் அக்டோபர் இறுதிப் பண்டிகை இரவில் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று மிட்டாய் பெறும் வழக்கம் நாடெங்கும் வேரூன்ற, குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்த பரங்கி வாசற்படியில் இல்லாத வீடு வெறுமையாகத் தோன்றத் தொடங்கியது.

உழவரின் நிலைமை வேறு. மொத்த வியாபாரியின் லாரியில் ஏற்றிவிட்டால் அவர் கையில் நிற்பது சொற்பம். அதே காயை, வாங்குபவரே வயலுக்கு வந்து, தேர்ந்தெடுத்து, தூக்கிச் சென்றால் பறிகூலியும் ஏற்றுகூலியும் இடைத்தரகும் மிச்சமாகின்றன. வந்தவர்கள் அரை நாள் தங்கினால் வைக்கோல் வண்டிச் சவாரி, ஆப்பிள் சாறு, சூடான டோனட் ஆகியவற்றுக்கும் செலவழிப்பார்கள். 1993இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் என்னும் ஊரில், மக்காச்சோள வயலை டைனோசர் வடிவில் வெட்டிப் புதிர்ப்பாதை ஒன்றை அமைத்தார்கள். அதைப் பின்பற்றிப் பண்ணைகள் பலவும் பரங்கி வயலுக்குப் பக்கத்திலேயே சோளப் புதிர்ப்பாதை வெட்டத் தொடங்கின. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பண்ணைக் கணக்கெடுப்பில், வேளாண் சுற்றுலாவால் பண்ணைகளுக்கு வந்த வருமானம் 2012இல் சுமார் 70 கோடி டாலராகவும், 2017இல் சுமார் 95 கோடி டாலராகவும் பதிவாகியிருக்கிறது. இதில் பரங்கிப் பருவம் ஒரு பகுதியே என்றாலும், சிறு பண்ணைகள் பலவற்றுக்கு அக்டோபரின் நான்கைந்து வார இறுதிகளே ஆண்டு முழுவதற்குமான தெம்பு. அவற்றில் இரண்டு சனிக்கிழமைகள் மழையில் போய்விட்டால், அந்தக் குடும்பம் குளிர்காலம் முழுவதும் அதை உணரும்.

ஆகவே உங்கள் அண்டை வீட்டார் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். பெரிய நகரங்களின் விளிம்பில், வீட்டுமனையாகிவிடாமல் சில வயல்கள் இன்னும் வயலாகவே இருப்பதற்கு அந்தப் பணமும் ஒரு காரணம்.

கேள்வி: இதைப் பூசணி என்று எழுதுவதா, பரங்கி என்று எழுதுவதா? (வாசகி, டெக்சஸ்)

பதில்: இரண்டும் வழக்கில் உள்ளவையே. ஆனால் வெறுமனே பூசணி என்றால் சாம்பல் பூத்த வெண்பூசணியை நினைப்பவர்களும் இருப்பதால், இந்தக் காய்க்குப் பரங்கி என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். பறங்கியர் கொண்டு வந்த காய் என்னும் வரலாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கேள்வி: சென்ற ஆண்டு நாங்கள் சென்ற இடத்தில் கொடியே கண்ணில் படவில்லை. வெட்டவெளியில் காய்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, பறித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தோம். இப்படிச் செய்வது முறைதானா? (வாசகர், வர்ஜீனியா)

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது; முதல் தடவை எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்த ஒரு பண்ணையில், நான்கு வயதான என் மகன் காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதோட வேர் எங்கே?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு பண்ணைக்காரர்களிடமே விசாரித்தபோது, இதற்குள் பல காரணங்கள் இருப்பதை அறிந்துகொண்டேன்.

பரங்கிக்கு மண்வழி நோய்கள் மிகுதி. குறிப்பாக, ஃபைட்டாஃப்தோரா என்னும் அழுகல் நோய் ஒரு வயலில் நுழைந்துவிட்டால் எளிதில் விட்டுப் போகாது. அதனால் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் பரங்கி போடாமல், மூன்று ஆண்டுகளாவது இடைவெளி விட்டுப் பயிர்சுழற்சி செய்ய வேண்டும் என்று வேளாண் ஆலோசகர்கள் வலியுறுத்துகிறார்கள். வாகனம் நிறுத்துமிடமோ ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் இருக்கும். ஆகவே ஒரு மைல் தள்ளி விளைந்ததை வண்டியில் கொண்டு வந்து, வருபவர்கள் நடக்கக்கூடிய நிலத்தில் பரப்பி வைக்கிறார்கள். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வடகிழக்கு மாநிலங்களின் ஆற்றோர வயல்களை மூழ்கடித்தது போன்ற ஆண்டுகளில், தம் விளைச்சலை இழந்தவர்கள் வெளியூரிலிருந்து வாங்கி வைப்பதும் உண்டு.

இன்னொரு வகையும் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டன் நகருக்கு அருகே, நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் பெருமளவில் விளையும் காய்கள் லாரிகளில் ஏறி, பல மாநிலங்களில் உள்ள தேவாலயங்களின் புல்வெளிகளுக்குப் போகின்றன. அங்கே தொண்டர்கள் அவற்றை விற்று, ஒரு பங்கைத் தேவாலயத்தின் பணிகளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். புல்வெளியில் பரங்கி விளையாது என்பது வாங்குபவருக்கும் தெரியும் என்பதால் அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

என் கருத்து இதுதான்: எங்கே விளைந்தது என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடும் பண்ணையில் குறை காண ஒன்றுமில்லை, "நீங்களே பறியுங்கள்" என்று பலகை வைத்துவிட்டு, கேட்டால் மழுப்பும் பண்ணைக்கு மறுமுறை போக வேண்டியதில்லை. கொடியோடு பார்க்க வேண்டுமென்பது உங்கள் விருப்பமானால், புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அக்டோபரில் இலைகள் பெரும்பாலும் கருகியிருக்கும். தரையில் பழுப்புக் கயிறுபோல் கிடப்பதுதான் கொடி என்பதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: நல்ல காயை எப்படி அறிவது? எங்கள் வீட்டுக் காய் ஒரு வாரத்துக்குள் அழுகிவிடுகிறது. (வாசகி, ஒஹாயோ)

பதில்: காம்பிலிருந்து தொடங்குங்கள். காம்பு பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கலாம். ஆனால் கெட்டியாக, காயோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் காம்பு ஒரு கைப்பிடி போலத் தோன்றும். அதைப் பிடித்துத் தூக்கிய கணத்தில் மளுக்கென்று முறியும். முறிந்த இடம் ஈரமான திறந்த புண். பூஞ்சணம் முதலில் நுழைவது அங்கேதான். ஆகவே அடியில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். கொடியிலிருந்து எடுக்கும்போது முறுக்கிப் பிய்க்காமல், கத்தரியால் நான்கு விரல் நீளம் காம்பு நிற்கும்படி வெட்டுங்கள். பண்ணையில் கத்தரி தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, தோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் காய் முற்றிவிட்டது. பதிந்தால் இன்னும் இளசு. பின்பு காயைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மண்ணில் படிந்திருந்த இடம் வெளிறியிருப்பது இயல்பு. ஆனால் விரல் வைத்தால் அமுங்குகிற ஈரப்புள்ளி இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வீட்டில் முழுக்காயைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல், அட்டையோ வைக்கோலோ போட்டு, வெயிலும் உறைபனியும் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள்கூட நிற்கும். செதுக்கிவிட்டால் கணக்கே வேறு. உள்ளே காற்று புகுந்தபின் நான்கைந்து நாள்தான். ஹாலோவீன் அக்டோபர் 31இல் வருகிறதென்றால், 28ஆம் தேதிக்கு முன் கத்தியை எடுக்க வேண்டாம். மாத முதல் வாரத்திலேயே செதுக்கிவிட்டுக் காயைக் குறை சொல்லும் கடிதங்கள் எனக்கு ஆண்டுதோறும் வருகின்றன.

கேள்வி: சோளப் புதிர்ப்பாதையில் பிள்ளைகள் தொலைந்துவிடுவார்களோ என்று அச்சமாக இருக்கிறது. (வாசகர், மிச்சிகன்)

பதில்: அச்சம் வீணானதன்று, ஆனால் பெரிதும் வேண்டாம். 2011 அக்டோபரில் மாசசூசெட்ஸின் டான்வர்ஸ் ஊரில், கைக்குழந்தையோடு உள்ளே சென்ற ஒரு குடும்பம் இருட்டியதும் வழி தெரியாமல் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தது. காவலர் நாயோடு வந்து தேடிக் கண்டபோது, அவர்கள் வெளியேறும் வழிக்கு வெகு அருகிலேயே நின்றிருந்தார்கள். மாலையில் கடைசி ஆளாக நுழையாதீர்கள். பிள்ளைகளுக்கு எளிதில் கண்ணில் படும் நிறத்தில் சட்டை போடுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதி அவர்கள் பையில் வையுங்கள்.

புதிர்ப்பாதையைவிட நான் கவலைப்படுவது இரண்டைப் பற்றி. வைக்கோல் வண்டி ஓடும்போது விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்வது ஒன்று. ஆட்டுக்குட்டியைத் தடவிவிட்டு அதே கையால் டோனட் தின்பது மற்றொன்று. விலங்குகளிடமிருந்து ஈ.கோலை கிருமி சிறு குழந்தைகளுக்குத் தொற்றினால் நிலைமை கடுமையாகக்கூடும். கைதுடைக்கும் திரவம் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். பல மாநிலங்களில் பண்ணை வாயிலில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கும்: வேளாண் சுற்றுலாவின் இயல்பான ஆபத்துகளுக்குப் பண்ணையார் பொறுப்பாகமாட்டார் என்ற சட்ட வாசகம் அது. அதைப் படித்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

கேள்வி: விளக்குக்கு வாங்கிய பெரிய காயைச் சமைக்கலாமா? (வாசகி, இல்லினாய்)

பதில்: சமைக்கலாம், சுவை இருக்காது. செதுக்குவதற்கென்றே தேர்ந்து வளர்க்கப்படும் ஹௌடன் போன்ற வகைகளில் தோல் உறுதியாகவும் சதை மெலிதாகவும், நாரும் நீருமாகவும் இருக்கும். அதன் விதைகளை மட்டும் கழுவி, உப்பிட்டு, அடுப்பில் வறுத்துத் தின்னுங்கள். பை (pie) என்னும் இனிப்புப் பண்டத்துக்கும் சூப்புக்கும் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள சிறிய சர்க்கரை வகையைக் கேட்டு வாங்குங்கள். செதுக்கி வாசலில் வைத்த காயை எக்காரணத்தாலும் மறுபடி அடுக்களைக்குக் கொண்டு வராதீர்கள்.

நீங்கள் இல்லினாயில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நாட்டிலேயே பரங்கி மிகுதியாக விளைவது உங்கள் மாநிலத்தில்தான். அதில் பெரும்பகுதி டப்பாவில் அடைப்பதற்கே போகிறது. மார்ட்டன் என்னும் ஊர் தன்னை உலகப் பரங்கித் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. டப்பாவுக்குப் போகும் டிக்கின்சன் வகைக் காய் வெளிறிய பழுப்புத் தோலோடு நீள்வட்டமாக இருக்கும். பக்கத்தில் வைத்துக் காட்டினாலும் பிள்ளைகள் அதைப் பரங்கி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: இங்கிலாந்திலும் இப்போது பரங்கி வயல்களில் கூட்டம் அலைமோதுகிறது. இது வெறும் அமெரிக்க இறக்குமதிதானா? பண்டிகை முடிந்ததும் காய்களைக் காட்டில் போட்டுவிடலாமா? (வாசகர், கென்ட்)

பதில்: காய் அமெரிக்காவுடையது, விளக்கு உங்கள் பக்கத்துத் தீவினுடையது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் வெட்டி, உள்ளே கனல் வைத்தார்கள். அயர்லாந்தின் காசில்பார் அருகே உள்ள தேசிய நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் அத்தகைய கிழங்கு விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோலும் சிறிய பற்களுமாக அந்த முகம், இன்றைய சிரிக்கும் பரங்கியைவிடப் பன்மடங்கு அச்சமூட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1845இல் தொடங்கிய பஞ்சத்துக்குப் பின், அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பெருந்திரளாகக் குடியேறியவர்கள் அந்த வழக்கத்தையும் எடுத்துச் சென்றார்கள். கடினமான கிழங்கைக் குடைந்து கை சலித்தவர்களுக்கு, உள்ளே ஏற்கெனவே குழிவாக இருக்கும் பரங்கி எவ்வளவு பெரிய வரமாக இருந்திருக்கும்! ஸ்ட்ராபெரியை வயலில் இறங்கித் தாமே பறிக்கும் பழக்கமும் உங்கள் நாட்டில் முன்பே இருந்ததால், பரங்கி அங்கே எளிதாக ஊன்றிவிட்டது.

காட்டில் போட வேண்டாம். குளிர்கால உறக்கத்துக்கு உடலைத் தேற்றிக்கொண்டிருக்கும் முள்ளெலிகள் பரங்கியை அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிற்றுப்போக்கால் நலிந்துபோகும். மெழுகையும் வண்ணத்தையும் நீக்கி, துண்டுகளாக்கி, உரக்குழியில் இடுங்கள்.

கேள்வி: வண்டியளவு பரங்கியைச் செய்தியில் கண்டேன். அது உண்மையா? (வாசகர், கலிபோர்னியா)

பதில்: உண்மையே. உங்கள் மாநிலத்து ஹாஃப் மூன் பே போட்டியில் 2023இல் வந்த காய் 2,749 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,247 கிலோ. அப்போது அது உலகச் சாதனை. 2025இல் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்கள் 2,819 பவுண்டுக் காயால் அதை முறியடித்தார்கள். அவை அட்லான்டிக் ஜெயன்ட் வழியில் வந்த தனி இனம். கோடையில் ஒரே நாளில் 15 கிலோவுக்கும் மேல் பருக்கக்கூடியவை.

கேள்வி: பண்ணைக்குப் போய் வந்ததிலிருந்து, வீட்டிலேயே பரங்கி வளர்க்க வேண்டும் என்று என் மகள் அடம்பிடிக்கிறாள். எப்படித் தொடங்குவது? (வாசகி, பென்சில்வேனியா)

பதில்: உங்கள் பகுதியில் மே மாத இறுதியிலிருந்து ஜூன் நடுவரை விதையை நேரே மண்ணில் ஊன்றலாம். வெயில் விழும் இடமும், கொடி பத்து அடியாவது ஓடுவதற்கு வெளியும் வேண்டும். விதைத்ததிலிருந்து முற்றுவதற்கு வகையைப் பொறுத்து 90 முதல் 120 நாள்கள்.

பூக்கத் தொடங்கியதும் மகளை விடிகாலையில் எழுப்பி அழைத்துச் செல்லுங்கள். முதலில் வருபவை ஆண் பூக்களே. காய்க்கவில்லையே என்று கலங்க வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் பெண் பூக்கள் வரும். இதழுக்குக் கீழே கோலிக்குண்டு போன்ற பச்சைப் பிஞ்சு இருப்பதே அடையாளம். சூரியன் ஏறுமுன்பே பரங்கித் தேனீ என்னும் சிறிய தனித்தேனீ வந்துவிடும். இது கூட்டில் வாழாமல் மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் இனம். நண்பகலுக்குள் பூக்கள் வாடி மூடிக்கொள்ளும். மூடிய பூவை மெல்ல அழுத்திப் பார்த்தால் உள்ளே சன்னமாக ஒரு ரீங்காரம் கேட்கலாம். பிற்பகல் முழுதும் அதற்குள் உறங்கும் ஆண் தேனீ அது. பிரிக்காமல் விட்டுவிடுங்கள்.

ஆகஸ்டில் காய் பச்சையாக, தோல் இன்னும் இளசாக இருக்கும்போது, ஓர் ஆணி முனையால் அவள் பெயரை லேசாகக் கீறச் சொல்லுங்கள். ஆழமாகப் போனால் அழுகிவிடும்; தோல் கிழிந்தால் போதும். கீறிய இடத்தில் பால் போன்ற துளிகள் வந்து காய்ந்து, தழும்பாகத் தடிக்கும். காய் பெருக்கப் பெருக்க எழுத்துகளும் அகன்றுகொண்டே போகும். என் மகன் ஐந்து வயதில் கோணலாகக் கீறிய பெயர், அக்டோபரில் வெட்டி எடுத்தபோது அவன் உள்ளங்கையைவிட அகலமாக இருந்தது. அந்தக் காயைச் செதுக்க அவன் யாரையும் விடவில்லை; ஜனவரி வரையில் சன்னல் மேடையிலேயே இருந்தது.